இரண்டாவது ஆசை

கதாபாத்திரத்துக்கு மனப்போராட்டத்தை எப்படி உண்டாக்குவது என்று கேட்டுக்கொண்டு யாராவது இப்போது என் வீட்டு வாசலுக்கு வந்தால், நான் கதவைத் திறக்க மாட்டேன். முன்பு அப்படி இல்லை. கண்டியில் எழுத ஆசைப்படும் பிள்ளைகள் சிலர் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு நூலகத்தின் மேல்மாடியில் கூடுவார்கள். என் கதைகள் சில பத்திரிகைகளில் வந்திருப்பதால் என்னையும் கூப்பிடுவார்கள். வாரம் முழுக்க ஒரு துணிக்கடையின் பின்னறையில் கணக்கு எழுதுகிற கிளாக்கரை 'சேர்' என்று கூப்பிட்டுக் கதிரை போட்டு உட்காரவைத்தால் அவன் போகாமல் இருப்பானா? எங்கள் ஊரான கட்டுகஸ்தோட்டையிலிருந்து காலை பஸ்ஸிலேயே போய் இறங்கிவிடுவேன்.

அங்கே நான் சொன்னது எப்போதும் ஒரே பாடம்தான். ஆசைக்கு எதிரே பயத்தை வைக்காதீர்கள். பயம் பெரிதென்றால் ஆள் ஓடிவிடுவான், சிறிதென்றால் துணிந்துவிடுவான், கதை அதோடு முடிந்துவிடும். ஆசைக்கு எதிரே இன்னோர் ஆசையை வையுங்கள். இரண்டும் அந்த ஆளுடைய சொந்த ஆசையாக இருக்க வேண்டும். ஒன்றைக் கையில் எடுத்தால் மற்றது விழுந்துவிட வேண்டும். பிள்ளைகள் இதைக் கொப்பியில் எழுதிக்கொள்வார்கள், நான் பெரிய மேதாவி மாதிரி தேநீரை உறிஞ்சிக்கொண்டிருப்பேன்.

உண்மையில் இது நான் கண்டுபிடித்த பாடம் அல்ல. என் மனைவியைப் பார்த்துப் பார்த்துப் படித்தது. அவள் நாவலப்பிட்டிக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள். பாலத்தடி மீன்கடையில் சூரை வாங்குவதா பாரை வாங்குவதா என்று நின்றாளென்றால், மீன்காரர் மற்ற எல்லாருக்கும் வெட்டிக் கொடுத்துவிட்டுத் திரும்பி வருவார், அவள் அங்கேயே நிற்பாள். தீபாவளிக்குக் கண்டியில் பச்சைச் சேலையை எடுத்துக்கொண்டு, குட்செட் பஸ் நிலையத்தில் ஏறி உட்கார்ந்த பிறகு, "அந்த ஊதாவுக்கு என்னாங்க கொறச்சல்?" என்று ஆரம்பிப்பாள். மதில்மேல் பூனை என்று நான் கேலி செய்வேன்.

"பூனைக்கு ரெண்டு பக்கமும் தெரியும். ஒங்களுக்கு ஒரு பக்கமாச்சும் தெரியுதா?" என்பாள்.

என் கதைகளில் வருகிற கங்காணி, கடைக்காரன், ரயில் நிலையத்தில் நிற்கிற பெண், எல்லாருக்கும் அவள் மனசைத்தான் எடுத்து வைத்திருக்கிறேன். அவளுக்கும் அது தெரியும். ஒரு கதையைப் படித்துவிட்டு, "இந்த ஆளு நாந்தானே? மீசைய மட்டும் வச்சி விட்டிருக்கீங்க" என்றாள். அதைக் கேட்டு நானும் மகளும் சிரித்த சிரிப்பு இப்போதும் காதில் இருக்கிறது. மகள் இப்போது கொழும்பில் வேலை செய்கிறாள். வீட்டில் நாங்கள் இருவர்தான்.

போன வருஷம் அவளுக்குக் குடலில் கட்டி என்று தெரிந்தது. வெட்டி எடுக்கலாம், ஆனால் அதன் பிறகு வயிற்றில் ஒரு துவாரம் போட்டுப் பை கட்டிக்கொண்டுதான் இருக்க வேண்டும், மலம் அந்தப் பைக்குள்தான் வரும் என்று டொக்டர் விளக்கினார். வெட்டாவிட்டால் என்ன என்பதை அவர் சொல்லி முடிக்கவில்லை. "யோசிச்சி சொல்லுங்க. ஆனா ரொம்ப நாள் யோசிக்க வேணாம்" என்றார். எனக்குப் பயத்துக்குள்ளேயும் கொஞ்சம் தைரியம் இருந்தது. யோசிக்கிற விஷயத்தில் அவளை மிஞ்ச ஆள் ஏது? யோசித்து யோசித்துக் கடைசியில் சரி என்பாள் என்று நினைத்தேன்.

ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டுவதற்கு முன்னாலேயே அவள் சொல்லிவிட்டாள். "வேணாங்க."

"வீட்டுக்குப் போய்ப் பேசுவோம்."

"பேச ஒண்ணும் இல்ல. பையக் கட்டிக்கிட்டு இருக்க மாட்டேன்." அன்று வழியில் கீரை வாங்கினாள். எந்தக் கட்டு என்று புரட்டிப் பார்க்காமல் முதலில் கைக்கு வந்ததை எடுத்துக்கொண்டாள். இருந்த கொஞ்சத் தைரியமும் எனக்கு அப்போதுதான் போனது.

அவளுக்கு ஓர் அக்கா இருந்தாள். இதே நோய், இதே ஒப்பரேசன். அந்த அக்கா தோட்டத்து லயத்தின் வரிசை வீடுகளில் ஒன்றில், ஒரே அறையில், மகன் மருமகள் பேரப்பிள்ளைகள் மத்தியில் பையோடு கிடந்தாள். லயத்தில் ஒரு வீட்டில் மிளகாய் வறுத்தாலே கடைசி வீட்டுக்காரர் தும்முவார். அங்கே எதை மறைக்க முடியும்? யாராவது பார்க்க வந்தால் அக்கா சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொள்வாள். என் மனைவி போய்ப் பணிவிடை செய்துவிட்டு வருவாள், வந்து சாப்பிட மாட்டாள். அந்த வாடையைச் சொல்லவில்லை, அக்காவின் வெட்கத்தைத்தான் சொல்லிச் சொல்லி அழுவாள். இப்போது அவள் 'வேண்டாம்' என்றது சாவுக்குப் பயந்தோ கத்திக்குப் பயந்தோ அல்ல. மானத்தோடு, முழு உடம்போடு போக வேண்டும் என்பது அவளுடைய ஆசை. வாழ்நாளில் முதன்முறையாக அவளுக்கு ஒரே மனசு இருந்தது.

எனக்கு அந்த ஒரே மனசைத் தாங்க முடியவில்லை. அவள் சாகக் கூடாது, அவ்வளவுதான் எனக்குத் தெரியும். அவள் குழம்ப வேண்டும், தடுமாற வேண்டும், 'ஊதாவுக்கு என்னாங்க கொறச்சல்' என்று ஒருமுறையாவது திரும்பிக் கேட்க வேண்டும். கதையில் செய்வதை வீட்டில் செய்து பார்க்கத் துணிந்தேன்.

முதலில் மகளை வைத்தேன். கல்யாணம் பேசாமல் இருக்கிறதே என்றேன். "அவ கெட்டிக்காரி, அவளே பாத்துக்குவா" என்றாள். அடுத்து என்னையே வைத்தேன். நீ இல்லாமல் நான் என்ன செய்வேன் என்று கேட்டபோது என் குரல் உடைந்தது, அது நடிப்பும் இல்லை. அவள் எழுந்து போய்ப் பருப்பு டின், மிளகாய்த்தூள் டின், கருவாட்டு டின் எல்லாவற்றையும் எட்டுகிற தட்டுக்கு இறக்கி வைத்தாள். "ஒங்களுக்கு முட்டி வலி, மேல ஏறாதீங்க. பருப்பு வேகும்போது உப்பு போடாதீங்க, கடைசியில போடுங்க" என்றாள். அந்த நிதானத்தைக் கண்டு நான் குசினிக் கதவைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

பிறகு சாமியிடம் போகலாம் என்றேன். எங்கள் பக்கத்தில் ஒரு முடிவுக்கு வர முடியாவிட்டால் வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனியாகப் பொட்டலம் கட்டிச் சந்நிதியில் போட்டு, ஒன்றை எடுத்துப் பார்ப்பார்கள். எந்தப் பூ வருகிறதோ அதுவே உத்தரவு. அவள் கோயிலுக்கு வந்தாள், கும்பிட்டாள், பூக்கட்ட மறுத்துவிட்டாள்.

"சந்தேகம் இருக்கிறவங்கதாங்க பூக்கட்டிப் பாக்கணும். எனக்கு என்னா சந்தேகம்?" என்றாள். படி இறங்கும்போது என் தோளைப் பிடித்துக்கொண்டு, "என்னையக் கதையில போட்டு உருட்டுற மாதிரி உருட்டாதீங்க. நான் களைச்சிப் போயிருக்கேன்" என்றாள்.

என் பாடத்தில் நானே ஒன்றை மறந்திருந்தேன். மகள், புருஷன், சாமி எல்லாம் கடமைகள். அவள் கடமைகளை முடித்துவிட்டு உட்கார்ந்திருந்தாள். அவளுக்கென்று சொந்தமாக என்ன ஆசை இருந்தது? இத்தனை வருஷம் சேர்ந்து வாழ்ந்துவிட்டு இந்தக் கேள்விக்குப் பதில் தேட வேண்டியிருந்ததை நினைத்தால் இப்போதும் கேவலமாக இருக்கிறது. மீனில் தடுமாறினால் அது எனக்குப் பிடித்ததா மகளுக்குப் பிடித்ததா என்ற தடுமாற்றம். அவளுக்கென்று இருந்தது ஒன்றே ஒன்றுதான். மதிலுக்கு அந்தப் பக்கத்து ராத்தா.

பக்கத்து வீட்டுக்காரர்கள் முஸ்லிம்கள். அந்த அம்மாவை நாங்கள் இருவருமே அக்கா முறை வைத்து ராத்தா என்றுதான் கூப்பிடுவோம். நோன்பு மாதத்தில் மதிலுக்கு மேலால் கஞ்சி இந்தப் பக்கம் வரும், தைப்பொங்கலுக்குப் பொங்கல் அந்தப் பக்கம் போகும். எந்தச் சட்டியும் வெறுமையாகத் திரும்பாது. ஒன்றும் இல்லாவிட்டால் ஒரு கை சீனியாவது போட்டுத்தான் திருப்பிக் கொடுப்பார்கள். அந்த மதிலில் சாய்ந்துகொண்டு இரண்டு பேரும் பேசின பேச்சு நாள்கணக்கில் நீளும். என்னிடம் பேசாததை எல்லாம் அவள் அங்கேதான் பேசினாள்.

பிறகு ராத்தாவின் கணவர் மௌத்தானார். ராத்தா, கணவனை இழந்தவர்கள் அனுசரிக்கும் இத்தாவில், வெளியே வராமல் வீட்டுக்குள்ளேயே இருந்த நாட்களில் தைப்பொங்கல் வந்தது. என் மனைவி வழக்கம்போல மூடிபோட்ட சில்வர் சட்டியில் பொங்கல் அனுப்பினாள். சட்டி கழுவித் துடைத்து வெறுமையாகத் திரும்பி வந்தது. அவள் மூடியைத் திறந்து பார்த்துக்கொண்டு நின்றது எனக்கு நினைவிருக்கிறது. இனி உங்கள் பண்டம் வேண்டாம் என்று சொல்லி அனுப்பியதாகவே அவள் எடுத்துக்கொண்டாள். அந்தச் சட்டியைத் திரும்பப் புழங்கவே இல்லை, அலுமாரிக்கு மேல் தூக்கி வைத்துவிட்டாள். அங்கே போவதையும் நிறுத்திவிட்டாள். ராத்தாவும் வரவில்லை. வருஷங்கள் போயின. இந்தச் சண்டையை ஒரு கதையாக்கலாமா என்று ஒருமுறை யோசித்து, இது ரொம்பச் சின்ன விஷயம், கதைக்கு ஆகாது என்று விட்டுவிட்டேன்.

ஒரு காலையில் அவள் குளிக்கப் போயிருந்தபோது சட்டியை இறக்கித் தூசு தட்டி, சீனி போட்டு நிரப்பிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனேன். ராத்தா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு வாசலுக்கு வந்தார். என்னைப் பார்க்கவில்லை, சட்டியைத்தான் பார்த்தார்.

"இது அந்தப் பொங்கல் சட்டிதானே, தம்பி?"

எல்லாவற்றையும் சொன்னேன். சட்டி வெறுமையாக வந்ததைச் சொன்னபோது அவர் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"வெறுஞ்சட்டியாவா குடுத்துவிட்டா எங்கட மச்சி, அவர்ட தங்கச்சி? வெளியூர்லேந்து வந்து நின்னவ, அவளுக்கு என்ன தெரியும்? நான் உள்ளுக்குக் கெடந்தேனே. எனக்குத் தெரியாதே தம்பி." முக்காட்டு நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "மௌத்து நடந்த ஊடுன்னு அவ வரப் பயந்துட்டான்னு நெனச்சேன். எனக்கு அவ வேண்டியிருந்த நேரம் அது" என்றார்.

அதன் பிறகுதான் நோயைப் பற்றிச் சொன்னேன். ஒப்பரேசன் வேண்டாம் என்கிறாள் என்றும், நீங்கள் ஒருக்கால் வர வேண்டும் என்றும் சொன்னேன். அவர் சட்டியை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு தலையாட்டினார்.

அடுத்த நாளே அந்தச் சட்டி நிறைய, முட்டையும் கருப்பட்டியும் போட்டு அவித்த வட்டிலாப்பத்தோடு பின்கதவால் வந்தார். என் மனைவி தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். ஒருவரையொருவர் கட்டிப்பிடித்து அழுவார்கள் என்று நான் எதிர்பார்த்தேன். அவள் மூடியைத் திறந்து பார்த்து, "கருப்பட்டி கொறைஞ்ச மாதிரி இருக்கு ராத்தா" என்றாள்.

"வாயில வைக்காமலே கண்டுபுடிச்சிட்டியா?" என்று அவர் பலகையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நான் வெளியே போய்விட்டேன். வீட்டைச் சுற்றி வரும்போது இரண்டு பேரும் சிரிக்கிற சத்தம் கேட்டது. எத்தனையோ நாட்களுக்குப் பிறகு எனக்கும் சோறு இறங்கியது.

ராத்தா தினமும் வந்தார். ஒருநாள் நான் முன்னறையில் இருக்கும்போது பேச்சு பையைப் பற்றித் திரும்பியது. "பை தானே?" என்றார் ராத்தா. "எங்கட ஆளு கடைசி காலம் பாயில கெடக்கக்கொள்ள எல்லாம் நான்தானே செஞ்சேன். ஒனக்கும் நானே மாத்திவிடுறேன். எனக்கு அருவருப்பும் இல்ல, நீ வெக்கப்படவும் தேவையில்ல. கதவப் பூட்டிக்கிட்டு ரெண்டு பேரும் கதச்சிக்கிட்டே மாத்துவோம்." அடுப்பில் ஏதோ கருகுகிற வாடை வந்தது. என் மனைவி எழுந்து இறக்கவில்லை.

அன்றிலிருந்து அவள் குழம்பத் தொடங்கினாள். களைந்த தண்ணீரோடு அரிசியையும் சேர்த்துக் கொட்டினாள். அக்காவைக் கனவில் கண்டதாகச் சொல்லி அழுதாள். "சுவரப் பாத்துப் படுத்திருக்காங்க, கூப்பிட்டா திரும்ப மாட்டேங்கிறாங்க" என்றாள். இன்னொரு நாள், சம்பந்தமே இல்லாமல், "நோம்புக்கு ராத்தா என்னைய அவுங்க குசினிக்கே வரச் சொல்றாங்க. கஞ்சி கிண்டணுமாம். நான் என்னைக்கும் மதிலுக்கு இந்தப் பக்கம் நின்னுதாங்க குடிச்சிருக்கேன்" என்றாள். சொல்லும்போது முகம் ஒரு பெண்பிள்ளையின் முகம் மாதிரி இருந்தது. அடுத்த நிமிஷமே வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "ஐயோ, அந்தப் பை" என்று சுருண்டாள். ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால். அவள் அப்படித் துடிப்பதைப் பார்த்து எனக்குள்ளே ஒருவன் சந்தோஷப்பட்டான். பலித்துவிட்டது என்றான். அவனைத்தான் பிள்ளைகள் சேர் என்று கூப்பிடுவார்கள்.

கடைசியில் ஒரு நாள் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவள் திரும்பிப் பார்த்து, "சரிங்க, செஞ்சுக்கிறேன்" என்றாள். கையில் இருந்த ஈரத்துணியைப் பிழிய மறந்து நின்றாள். "ஆனா ராத்தா பக்கத்துல இருக்கணும்."

ஆஸ்பத்திரியில் திரும்பவும் படம் எடுத்துப் பார்த்தார்கள். டொக்டர் என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டார். கட்டி ஈரலுக்கும் போய்விட்டது, இனிக் கத்தி வைத்துப் பயனில்லை, வலிக்கு மருந்து தரலாம் என்றார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, ஆரம்பத்திலேயே செய்திருந்தாலும் உறுதி சொல்லியிருக்க முடியாது என்று சேர்த்துக்கொண்டார். நல்ல மனிதர். அவர் சொன்னதை நான் நம்புகிறேன், நம்புவதால் எனக்கு ஓர் ஆறுதலும் கிடைக்கவில்லை. வெளியே வாங்கில் அவளும் ராத்தாவும் கைகோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அவள் என்னைப் பார்த்ததும் எழுந்து, "எப்ப வரச் சொல்றாங்க?" என்று கேட்டாள்.

நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. என் முகத்தில் படித்துவிட்டாள். நான் எழுதுகிறதை எல்லாம் முதலில் படிக்கிறவள் அவள்தானே.

அதற்குப் பிறகு நான் நூலகத்துக்குப் போகவில்லை. அந்தப் பிள்ளைகள் போனில் கூப்பிட்டால் எடுப்பதும் இல்லை. எழுத உட்கார்ந்தால் கை வருவதில்லை. என் காகித ஆட்கள் இரண்டு ஆசைகளுக்கு நடுவே கிழிந்தால், கடைசிப் பக்கத்தில் நான் அவர்களை விட்டுவிட்டு எழுந்து போய்விடலாம். இவளை விட்டு எங்கே போவேன்? சாகத் தயாராக இருந்தவளுக்கு வாழ ஆசை காட்டினேன். ஆசை வேர் பிடித்துவிட்டது, வழி அடைபட்டுவிட்டது. இந்த முடிவை ஒரு கதையில் யாராவது எழுதியிருந்தால் ரொம்பக் கொடுமையாக இருக்கிறது, மாற்று என்று சொல்லியிருப்பேன்.

நேற்றுக் காலை மருந்து கொடுத்த பிறகு அவளுக்கு வலி கொஞ்சம் அடங்கியிருந்தது. மெல்ல நடந்து குசினிக்கு வந்து கதிரையில் உட்கார்ந்தாள். ராத்தாவின் வீட்டிலிருந்து வந்த சின்னச் சட்டி மேசைமேல் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது.

"ஒங்கமேல கோவம் இல்லைங்க" என்றாள் திடீரென்று. "ராத்தாவ நீங்கதான் கூட்டியாந்தீங்கன்னு எனக்கு அன்னைக்கே தெரியும். அலுமாரி மேல இருந்த சட்டி தானா எறங்கியா நடக்கும்?"

நான் அவள் காலடியில் உட்கார்ந்தேன். அவள் என் தலையில் கை வைத்தாள். கையில் பாரமே இல்லை.

"அப்பவே போயிருந்தா நான் பாட்டுக்குப் போயிருப்பேன். இப்ப போக மனசே வருதில்லைங்க."

அவள் அழவில்லை. நான்தான் அழுதேன். கொஞ்ச நேரம் போனதும், அழுதது போதும் என்கிற மாதிரி என் தோளில் தட்டி, மேசையில் இருந்த சட்டியை நிமிர்த்தி வைத்தாள். வெறுமையாகத் திருப்பக் கூடாதே. மகள் கொழும்பிலிருந்து வரும்போது கொண்டுவந்த ரவா உருண்டை ஒரு டின்னிலும் முறுக்கு இன்னொரு டின்னிலும் இருந்தன. இரண்டையும் எடுத்துத் தரச் சொன்னாள்.

"எதங்க வைக்க?"

"ரெண்டையும் வை."

"சின்னச் சட்டிங்க. ஒண்ணுதான் கொள்ளும்" என்றாள்.

இரண்டு டின்னையும் திறந்து வைத்துக்கொண்டு, மீன்கடையில் நிற்கிற அதே முகத்தோடு, இதையும் அதையும் பார்த்துக்கொண்டே இருந்தாள்.